தண்ணீர் ஊற்றக்கூடாத கோப்பை

வெள்ளிக்கிழமை, இரவு

மகளின் மூன்றாம் வகுப்பில் இது செயற்றிட்ட வாரம். வீட்டில் இரண்டு யோகட் கோப்பைகளில் மண் போட்டுப் பயறு விதைத்தாள். ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மற்றதற்கு ஊற்றவே கூடாது. எது முளைக்கிறது என்று இன்று வகுப்பில் சொல்ல வேண்டியிருந்தது.

நான் வயற்காரன். விதைத்த மண் காய்ந்து கிடக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தினமும் அவள் எழும்புமுன் அதற்கும் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு வயலுக்குப் போனேன். உதவி செய்கிறேன் என்ற பெருமை வேறு.

இரண்டும் முளைத்துவிட்டன. பிள்ளை கண்டதை அப்படியே எழுதி, தண்ணீர் இல்லாமலும் பயறு முளைக்கும் என்று வாசித்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அழுதுகொண்டு வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"உங்களை ஆரப்பா ஊத்தச் சொன்னது?"

"பாவமாக் கிடந்தது பிள்ளை."

"நான் பொய் சொன்னனான் எண்டு ரீச்சர் நினைச்சிட்டா. திங்கக்கிழமை நீங்களே வந்து சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். மனைவி அடுப்படியில் நின்று சிரித்தாள்.

சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கே என்ன சொல்வதென்று மகளிடமே கேட்டேன். ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்துவிட்டுப் படுத்துவிட்டாள். மூன்றே வரிதான். இன்னும் பாடமாகவில்லை.