இன்னிக்கு எத்தனை விசில்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவள் என் கல்லூரித் தோழி, உனக்கும் தெரிந்தவள்தான். போனில் சொல்லப் பயம். நானே கிளம்பி வரலாமென்றால், என் பின்னால் யாராவது வந்துவிட்டால்? முதலில் கதவைத் தாழிட்டுவிட்டு மேலே படி.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு என் இருக்கைக்குத் திரும்பினேன். பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஹெட்போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் திரையில் உன் பெயர். எங்கள் கம்பெனியில் நான் உனக்கு வாங்கித் தந்த இன்டர்நெட் இணைப்பின் விவரம். தெருப் பெயரை வாசித்து முடித்து, வீட்டு எண்ணைச் சொல்ல வாயெடுத்தாள். கையை நீட்டி இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

"நம்ம ஹெட் ஆபீஸ் ஆளுதான்க்கா" என்றாள். கம்ப்யூட்டர் பிரிவாம். புது சிஸ்டத்தில் உன் முகவரி பாதிதான் ஏறியிருக்கிறதாம், வாசித்தால் ஒத்துப் பார்த்துக்கொள்வானாம். சீக்கிரம் முடிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் திட்டு விழுமாம். போன வாரம்தான் மேனேஜர் கூட்டம் போட்டு, தெரியாதவர்களிடம் வாடிக்கையாளர் விவரம் எதையும் சொல்லக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆனால் இவனைத் தெரியாதவன் என்று அவள் எப்படி நினைப்பாள்? எடுத்ததுமே, "என்னம்மா, குக்கர் இன்னிக்கு எத்தனை விசில்?" என்று கேட்டிருக்கிறான்.



மேனேஜருக்குக் குக்கர் என்று பெயர் வைத்தது எங்கள் வரிசையில் உட்காரும் நாலு பேர். ஹெட் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. எத்தனை விசில் என்று கேட்பது ஒரே ஒருவர்தான். நீ அவரை விட்டு வருவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட வரும்போது, உட்காருவதற்குள் உன் வீட்டுக்காரர் கேட்பாரே, அதே கேள்வி. என் ஆபீஸ் கதைகளுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். கொளுத்தும் வெயிலில் நீ முழுக்கைச் சட்டையோடு வந்த அன்றும் அப்படித்தான் சிரித்தார். நான் எப்போது சாப்பிட எழுந்து போவேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். "ஏமாத்துறவன்னா மிரட்டுவான்னு நெனச்சேங்க்கா. இவரு சிரிக்க வச்சாரு" என்றாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. "யாரா இருந்தாலும், நானே பேசினாலும் சரி, போனை வச்சுட்டு நம்மகிட்ட இருக்கிற நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடுங்க" என்றார் மேனேஜர். அவர் குரல் ஏறவே இல்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கூட்டியது. உன் விவரத்தை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள்.

தெரு தெரிந்துவிட்டது. குழந்தையோடு புதிதாகக் குடிவந்த பெண் எந்த வீடு என்று முனைக் கடையில் சிரித்துக் கேட்டால் போதுமே, யாரும் காட்டிவிடுவார்கள்.

கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தோழியின் காரில் ஏறிவிடு. அக்கா அனுப்பினாள், அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று யார் வந்து சொன்னாலும் நம்பாதே. போகிற இடத்தை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

நானே போனில் அழுது கேட்டாலும் நீ சொல்லிவிடாதே. அப்போது என் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

நீயும் குழந்தையும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா