ஐம்பத்து நாலாவது எலும்பு

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பு சுகம்தான், வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீ சொன்ன மாத்திரையும் விடாமல் போடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் அண்ணன் போன வாரம் வந்து சமையலறைக் குழாயைச் சரிபண்ணினான், ஒழுகுவது நின்றது, அவன் பேச்சுதான் நிற்கவில்லை.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. அவருடைய அலமாரியைக் காலி பண்ண வேண்டும், வாருங்கள் என்று மியூசியத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். முப்பத்தொரு வருஷம் அவர் அங்கே காவலுக்கு நின்றார், நான் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வரைக்கும்தான் போயிருக்கிறேன், செத்த மிருகத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை போனேன். டிக்கெட் கிழிக்கிற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் நின்ன இடத்தையெல்லாம் பாத்துட்டுப் போங்கக்கா என்று கூட்டிப்போனாள். புதிதாக வந்த கண்காட்சி வாசலில்தான் கூட்டம், எப்போதும் இருக்கிற கூடங்களில் ஈ காக்கை இல்லை. பூச்சிக் கூடத்தில் வண்டுகளை ஊசி குத்தி வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே நகத்தளவு சீட்டு. அடுத்த கூடத்தில் பாடம் பண்ணின கரடி, பிள்ளைகள் தொட்டுத் தொட்டு மூக்கில் முடியே இல்லை. இதுக்குத் துடைச்சு வாரிவிட்ட நேரத்துல உங்க வீட்டுக்காரர் தன் தலையைக் கவனிச்சிருந்தா வழுக்கையே விழுந்திருக்காது என்று அவள் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது, கரடிக்கு முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசிக் கூடத்தில் அந்தத் திமிங்கிலம் எலும்பாகத் தொங்குகிறது. ஒன்பது வயதில் நீ அதன் முதுகெலும்பை எண்ணிவிட்டு, பலகையில் ஐம்பத்து மூணுன்னு தப்பாப் போட்டிருக்கு, ஐம்பத்து நாலு இருக்குப்பா என்றாய், படிச்சவங்க எழுதினதைத் தப்புங்கிறியா என்று எல்லார் முன்னாலும் அவர் உன்னை அதட்டினார். நீ அதை மறக்கவில்லை. ஊரை விட்டுப் போகிற அன்றைக்கு, ஒரு தடவையாவது நான் சொன்னது சரின்னு சொல்லியிருக்கீங்களா என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாய், அதற்கப்புறம் அவர் போகிறவரைக்கும் இரண்டு வருஷம் நீங்கள் இருவரும் பேசவில்லை. அவர் போன அன்று, அப்பா என் மேல கோபத்தோடயே போயிட்டாரும்மா என்று போனில் நீ அழுதது என் காதிலேயே இருக்கிறது.

இப்போது அங்கே புதுப்பலகை மாட்டியிருக்கிறது, ஐம்பத்து நாலு என்று. டிக்கெட் அம்மாள்தான் சொன்னாள், நீ போனபிறகு ஒரு நாள் அப்பாவே எண்ணிப் பார்த்தாராம். பிறகு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி, எண்ணுங்க பாப்போம், என் பொண்ணு ஒன்பது வயசுல கண்டுபிடிச்சா என்பாராம். பெரிய அதிகாரிக்கு நாலு தடவை எழுதிக் கொடுத்து, கடைசியில் அந்த அதிகாரியே ஏணி போட்டு ஏறிப் பார்க்க, வால் நுனியில் கட்டின கம்பிக்குப் பின்னால் கட்டைவிரல் அளவு எலும்பு ஒன்று இருந்ததாம். என்னிடம் இந்த மனுஷன் மூச்சுவிடவில்லை. நானும் எண்ணினேன், பத்துக்கு ஒரு விரல் மடக்கி, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

அவர் அலமாரியில் குடை, பழைய கண்ணாடி, அப்புறம் ஒரு பொட்டலம். உள்ளே கழற்றின பழைய பலகை, மூணை அடித்துப் பக்கத்தில் நாலு என்று அவர் கையால் எழுதியிருக்கிறது. பொட்டலத்தின் மேலே உன் பேர், தெரு, ஊர் எல்லாம் இருக்கிறது, வீட்டு நம்பருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார். அதே கட்டடத்தில் நீ வீடு மாறினது அவருக்குத் தெரியும், புது நம்பர் எனக்குத்தான் தெரியும். என்னிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்டால் மனசு இளகிவிட்டது எனக்குத் தெரிந்துவிடுமே, அந்த வெட்கத்தில் இன்றைக்குக் கேட்கலாம் நாளைக்குக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறார்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழவேண்டும் கண்ணே. பொட்டலம் கனமாக இருக்கும், மாடிக்கு ஒற்றைக் கையால் தூக்காதே. மேலே இருப்பது அப்பா எழுத்து. வீட்டு நம்பர் மட்டும் நான் எழுதினேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா