கதவில் ஒரு செத்தல் மிளகாய்

2025 செப்டெம்பர் 23, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தேன்.

பள்ளிக்கூட வாசலில் ஆன்-சோஃபி நீட்டினா. எங்கள் மகள் ஆரணியோடு படிக்கிற பிள்ளை ஒன்றின் தாய். பாண்டிச்சேரிக் குடும்பம், அரசாங்க உத்தியோகம், பேனையின் மூடியைக் கழற்றியே கையில் தருகிற ஆள். பிரெஞ்சுக் கடதாசியைக் கண்டால் என் கை தன்பாட்டில் எழும்பும். முதலில் கையெழுத்து, பிறகு விளக்கம். பதின்மூன்று வருடமாக இந்த நாட்டில் அப்படித்தான் சீவியம். பிள்ளைகளை எங்கேயோ சுற்றிக் காட்டக் கொண்டுபோகிறார்கள், அதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

மனைவி சிவாஜினி விமான நிலைய வேலையால் வந்து, சாப்பிட்டுக்கொண்டே பிரதியை வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எலெக்சன் கேக்கிறியள்."

பெற்றோர் பிரதிநிதித் தேர்தலாம். பட்டியலில் நாலாவது பெயர் என்னுடையது.

"எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

அவள் சிரித்து முடியச் சோறு ஆறிவிட்டது.

செப்டெம்பர் 24

பெயரை எடுக்கச் சொல்லி ஆன்-சோஃபியிடம் போனேன். "மிசியே, நமக்கு மூணு சீட்டுக்கு மேல வராது. நீங்க நாலாவது. சும்மா பேருக்குத்தான்."

முப்பத்தொரு வயதில் முதன்முறையாக, சும்மா பேருக்கு இருப்பதை நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் முதல் ஆளாக வெளியே வருவது எங்கள் ஆரணிதான். வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டம். வழியில் தெரிந்தவர் யாரும் கதைத்தால் எனக்குப் பதிலாகத் தலையாட்டிவிட்டு இழுப்பாள். பிள்ளைக்கு வீடு என்றால் எவ்வளவு பாசம் என்று வேலையிடத்துப் பிரசாந்தனிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

இன்றுதான் கவனித்தேன். ஓடுவது வீட்டுக்கு இல்லை, கக்கூசுக்கு. பையில் தண்ணீர்ப் போத்தல் காலையில் நிரப்பியது நிரப்பியபடி.

கேட்டேன். சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கழிவறை. இரண்டு கதவிலும் திறாங்கு உடைந்துவிட்டது. சாத்தலாம், பூட்ட முடியாது. அவள் உள்ளே இருந்தபோது யாரோ தள்ளித் திறந்திருக்கிறார்கள். வரிசையில் நின்றதுகள் சிரித்திருக்கின்றன. அன்று தொடக்கம் பள்ளிக்கூடத்தில் போவதுமில்லை, தண்ணீர் குடிப்பதுமில்லை. காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலரை வரை. ஆறு வயது.

பாசமாம். மடையன்.

அக்டோபர் 10, வெள்ளி

எங்கள் பட்டியலுக்கு ஐந்து ஆசனம். நாலாவது ஆளான நானும் உள்ளே.

உணவகக் குசினியில் பிரசாந்தன் தொடங்கிவிட்டான். "எம்பி அண்ணை, உந்த வெங்காயத்தை ஒருக்கா உரிச்சுத் தாங்கோவன்."

பரவாயில்லை. பிரதிநிதி என்றால் ஒரு திறாங்காவது கேட்கலாம்தானே?

அக்டோபர் 22, புதன்

பள்ளிக்கூட விடுமுறை. எனக்கும் ஓய்வு நாள். வீட்டில் ஓடவேண்டிய தேவை இல்லாததால் ஆரணி போத்தல் போத்தலாகக் குடிக்கிறாள்.

என்னிடம் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று குரோஷே. சிகரெட்டை விட்ட பிறகு விரல்கள் வேலை கேட்டன; கைபேசியைப் பார்த்துக் கொக்கி ஊசிப் பின்னல் பழகினேன். இதுவரை சிவாஜினிக்கு ஒரு தொப்பி (தலைவலி வருகிறதாம்), ஆரணிக்கு ஒரு முயல் (ஒரு காதுதான் சரிவந்தது). மற்றது வாசிப்பு. நூலகத்தில் எடுத்த பிரெஞ்சுத் துப்பறியும் கதை, பக்கத்தில் அகராதி. தவணை மூன்று தடவை நீட்டியாயிற்று, பக்கம் அறுபத்தொன்றில் நிற்கிறேன். தோட்டக்காரன்தான் கொலைகாரன் என்று எனக்கு எப்பவோ தெரியும். எழுதினவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

போன கிழமை வேலையிடத்தில் என் பையிலிருந்து ஊசி விழுந்துவிட்டது.

"என்ன அண்ணை உது, மீன் பிடிக்கவோ?"

"தொப்பி பின்னடா."

பிரசாந்தன் கொஞ்ச நேரம் கரட் வெட்டினான். பிறகு மெதுவாக, "எனக்கும் ஒண்டு... காதை மூடுற மாதிரி."

நவம்பர் 6, வியாழன்

முதல் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் கதிரையில் இருத்தினார்கள். முழங்கால் தாடையில் முட்டியது. பயத்துக்கு ஊசியும் நூலும் கொண்டுபோனேன். கை ஓடினால் நெஞ்சு கொஞ்சம் ஆறும்.

ஆண்டிறுதி விழா எந்தச் சனிக்கிழமை என்று நாற்பது நிமிடம். பிறகு என் முறை. மூன்று நாள் மெட்ரோவில் பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன். இலக்கணம் சரியாக வந்ததில் ஆன்-சோஃபியே திரும்பிப் பார்த்தா.

பள்ளிக்கூட அதிபர் மதாம் ஆலீஸ் நல்ல மனுசி, களைத்த கண். "அது கட்டடம், மிசியே. கட்டட வேலை எங்கள் கையில் இல்லை. பொறுப்பான இடத்துக்கு ஜூன் மாதமே அறிவித்துவிட்டோம்."

"பதில்?"

"அறிவித்தல் கிடைத்ததாகப் பதில் வந்தது."

என் விசயம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அறிக்கையில் 'பெற்றோர் ஒருவர் கவலை தெரிவித்தார்' என்று வருமாம். வீட்டுக்கு வரும்போது தொப்பியில் பாதி முடிந்திருந்தது. அதுதான் கூட்டத்தின் பலன்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று முழுக்க ஆரணிக்குக் காய்ச்சல். மூத்திரக் குழாயில் கிருமியாம். "பிள்ளை தண்ணீர் குடிப்பதில்லையா?" என்று டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்கிறா. என்னத்தைச் சொல்லுறது? நான் பெற்றோர் பிரதிநிதி எண்டு சொல்லவோ?

ஒரு திறாங்கு. நாலு ஆணி. பத்து நிமிச வேலை. ஜூனிலயிருந்து. என்ர பிள்ளை மருந்தைத் துப்பிப்போட்டு அழுகுது, நான் அங்கை போய்க் கவலை தெரிவிச்சுப்போட்டு வந்திருக்கிறன். ஏன் கத்தேல்லை? பிரெஞ்சில கதைக்கவே மூண்டு நாள் பாடமாக்கவேணும் — கத்த எத்தினை நாள் வேணும்?

நவம்பர் 20

காய்ச்சல் இல்லை. இரண்டு கோப்பை ரசம் குடித்தாள்.

டிசம்பர் 4, வியாழன்

திறாங்கும் திருப்புளியும் வாங்கிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மதாம் ஆலீஸ் கோபிக்கவில்லை. "நீங்கள் பூட்டுப் போட்டு, நாளைக்கு ஒரு பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?"

சரியான கேள்வி. சரியாக இருந்ததால்தான் கூடக் கோபம் வந்தது.

வாசலில் ஆன்-சோஃபி பிடித்துக்கொண்டா. "கோவப்படாதீங்க மிசியே. நான் ஒரு மெயில் போடுறேன், காப்பி எல்லாருக்கும்."

இங்கே கோபத்துக்கும் பிரதி எடுத்து அனுப்புகிறார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்

கொலைக்கதையை வைத்துவிட்டு, வேலையால் வரும்போது மெட்ரோவில் பள்ளிக்கூட ஒழுங்குவிதியை வாசித்தேன். பதினொரு பக்கம். இதற்கும் செப்டெம்பரில் கையெழுத்து வைத்திருக்கிறேன், கடைசிப் பக்கத்தில், அழகாக. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கைவேலைகளை அதிபரின் சம்மதத்தோடு பள்ளிக்கூடத்தில் தொங்கவிடலாம்.

தொங்கவிடலாம். அகராதியில் இரண்டு தரம் பார்த்தேன்.

எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா ஷப்பலில் இறங்கி நடந்தால், மரக்கறிக் கடை வாசலில் நாவூறுக்குக் கட்டிய எலுமிச்சங்காயும் மிளகாயும். எத்தனை வருடமாக அதன் கீழால் போய்வருகிறேன். இன்று ஒரு வெள்ளைக்காரர் அதில் முட்டாமல் தலையைக் குனிந்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் உள்ளே போனார்.

ஒரு கணம் நின்றார். அவ்வளவுதானே வேண்டும்? உள்ளே போகிற பிள்ளை வெளிப்பிடியில் ஒன்றைத் தொங்கவிட்டால், தள்ள வருகிற பிள்ளை ஒரு கணம் நிற்கும். பூட்டும் இல்லை, மாட்டுப்படவும் வழியில்லை.

சிவப்பு நூல் வீட்டில் இருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

இரண்டு கோர்வை, கோர்வைக்கு மூன்று சிவப்பு மிளகாயும் ஒரு மஞ்சள் எலுமிச்சங்காயும். முயலைவிட நன்றாக வந்திருக்கிறது. ஆரணி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

மதாம் ஆலீஸ் பின்னலைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தா. பிறகு கொஞ்சம் தயங்கினா. "இதைக் கடை வாசல்களில் கண்டிருக்கிறேன். இது... மத அடையாளம் இல்லைதானே?"

அரசாங்கப் பள்ளிக்கூடம். மதம் வாசலோடு நிற்கவேண்டும். பிரெஞ்சில் எனக்குக் கெதியாகப் பொய்யும் வராது. இரண்டு எலுமிச்சங்காயையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

"இப்ப இது மரக்கறி, மதாம்."

அந்த மனுசி சிரித்து நான் கண்டது இன்றைக்குத்தான். 'கைவேலை, மிளகாய், இரண்டு' என்று கொப்பியில் எழுதிக்கொண்டா.

டிசம்பர் 18, வியாழன்

எல்லாப் பெண் பிள்ளைகளும் மிளகாயைப் பாவிக்கிறார்களாம். ஆரணியைத் தவிர. இன்றும் ஓட்டம்தான்.

"ஏனம்மா?"

"மிளகாய் தொங்கினாலும் கதவு திறக்கும்தானே, அப்பா."

ஒழுங்குவிதியின் ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு பக்கம் தேவைப்பட்டது. இவளுக்கு ஒரு பார்வை போதும். தாயைப்போல.

சும்மா இருக்க முடியாமல் பிரசாந்தனின் தொப்பியை முடித்துக் கொடுத்தேன். காதோடு கண்ணையும் மூடுகிறது.

2026 ஜனவரி 8, வியாழன்

வாசலில் ஆன்-சோஃபி கையைக் காட்டிக் கூப்பிட்டா.

"உங்க பொண்ணு என்ன சொல்லி வெச்சிருக்கா தெரியுமா மிசியே? மிளகா தொங்கும்போது யாராவது கதவைத் தொறந்தா சாயங்காலம் வரைக்கும் கண்ணு எரியுமாம். எங்க அப்பா சமையல்காரர், அவருக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிருக்கா. எம் பொண்ணு இப்ப வீட்டுலயே கதவைத் தட்டிட்டுத்தான் வர்றா."

பையன்களும் தங்கள் பக்கத்துக்கு இரண்டு கேட்டிருக்கிறார்களாம்.

ஆரணியிடம் விசாரித்தேன். "ஆர் சொன்னது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

தகப்பன் செய்தது அரைவாசி. மிச்சச் சட்டத்தை மகள் தானே இயற்றிவிட்டாள். ஆனால் அந்தச் சட்டத்தை அவள் நம்புகிறாளா? போகிறாளா, இல்லையா? கேட்கப் பயமாக இருக்கிறது. இன்று ஓடினாள். ஆனால் என் கையை இழுக்கவில்லை.

மெயிலுக்குப் பதில் வந்திருக்கிறது. எங்கள் வேண்டுகோள் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டதாம்.

ஜனவரி 15, வியாழன்

நாலரை. கதவு திறந்தது. முதல் ஆள் ஆரணி இல்லை. பத்தாவது ஆளும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் போய் முடிந்து, காவலாளி ஒரு பக்கக் கதவைச் சாத்தவும் தொடங்கிவிட்டார். குளிரில் நிற்கிற நான் மற்றப் பக்கக் கதவால் உள்ளே எட்டிப் பார்த்தேன் — திரும்பக் காய்ச்சலோ? எங்கேயும் மயங்கி விழுந்துவிட்டாளோ?

கடைசி ஆளாக, பையை நிலத்தில் இழுத்துக்கொண்டு, நடந்து வந்தாள். வந்து ஈரக்கை இரண்டையும் என் கோட்டில் துடைத்தாள்.

"எங்கையம்மா நிண்டனி?"

"கக்கூசில. வரிசை."

இதையெல்லாம் ஒரு மனுசன் கேட்பானா என்கிற மாதிரிச் சொன்னாள். நானும் பெரிதாக ஒன்றும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு ஆறுதலாக நடந்தாள். புடைவைக் கடைக் கண்ணாடியில் பொம்மைக்குக் கட்டிய சேலையைப் பார்த்தாள். தாகம் என்று மாம்பழச்சாறு கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன், நின்ற நிலையில் முழுவதையும் குடித்தாள். ஒரு நாயோடு கதைத்தாள். நாய் சொன்னதையும் கேட்டாள்.

வேலை முடிய இரண்டு கோப்பி குடித்துவிட்டு அப்படியே வந்து ஒரு மணித்தியாலம் குளிரில் நின்றவன் நான். கடைசித் திருப்பத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, ஏன் ஓடுறியள்?"

"கெதியா வாம்மா," என்றேன். விளக்கம் சொல்ல நேரமிருக்கவில்லை.