பேனுக்குப் போட்ட பூஜ்யம்

நூம்பல்,
மே 27.

அன்புள்ள அனுசுயாவுக்கு,

அருள்செல்வி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என் சுகத்தை விசாரிக்காதே. இரண்டு வாரமாகச் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது. வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. என்னை நினைத்தால்தான் குமட்டுகிறது.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பவர் ராஜகுமாரி. பருத்திப்பட்டில் குடியிருக்கிறார், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கூட நிற்பவள் அவர் மகள் பவித்ரா. ஒன்பதாம் வகுப்பு முடித்தவள், போன மாதம் வரை என் மாணவி. ஆரணியில் பெரியம்மா வீட்டில் தங்கி உன் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்க வருகிறாள். வருகிறாள் என்று நான்தான் சொல்கிறேன். இனி எந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதிக்க மாட்டேன், அம்மாவோடு கம்பெனிக்கே போகிறேன் என்று அவள் சொல்கிறாள். ஊர் புதுசு, அங்கே உன்னை யாருக்கும் தெரியாது, ஒரே ஒரு நாள் வந்து பார் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்து வருகிறார்கள். அந்த ஒரு நாள் உன் கையில் இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் புகுந்து, விடுடி, நீ என்ன பண்ணுவே பாவம் என்பாய். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். முழுவதும் படி.

எங்கள் பள்ளியின் லட்சணத்தை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஓட்டி முடித்துவிட்டு, ஜனவரியிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவோம். ஏப்ரலில் ஸ்கிரீனிங் டெஸ்ட். ஒரு பாடத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே போனாலும் பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று கரையான்சாவடி மெயின் ரோட்டில் பேனர் கட்ட வேண்டுமே! பதினொரு வருடமாக நானும் என் பங்குக்குப் பட்டியல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடக் கூட்டத்தில் கரஸ்பாண்டன்ட் கஜபதி சார் மோதிரத்தை உருட்டிக்கொண்டே, "இதுவும் நேச்சுரல் செலக்‌ஷன்தான மேடம், உங்க பாடம்தான, தாக்குப் பிடிக்கிறது நிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். தூ!

அறிவியல் தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு அதே கேள்விதான் வந்தது. இயற்கைத் தேர்வை எடுத்துக்காட்டுடன் விளக்குக. நான் வருடா வருடம் கைடைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிப் போடும் நோட்ஸ், தமிழில் சொன்னால் இது: "உயிரினங்கள் சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன, மாற்றிக்கொள்ளாதவை அழிகின்றன." முப்பத்தொன்பது பிள்ளைகள் இதைக் கமா பிசகாமல் கக்கி வைத்திருந்தார்கள். முப்பத்தொன்பது பேருக்கும் ஐந்துக்கு ஐந்து. பவித்ரா ஒருத்திதான் இரண்டு வரி ஆங்கிலத்தில் தடுமாறிவிட்டுத் தமிழுக்கு இறங்கியிருந்தாள். அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் பேன். அம்மா மருந்து ஷாம்பு போட்டாங்க. முதல் தடவை நிறைய செத்துச்சு. கொஞ்சம் சாகல. அந்தக் கொஞ்சத்துக்கு மருந்து முதல்லேர்ந்தே ஏறல. அதுங்கதான் ஈர் வச்சுது. இப்ப இருக்கிறது எல்லாம் அதுங்களோட பிள்ளைங்க. அதனால இப்ப எவ்ளோ போட்டாலும் சாகல. எந்தப் பேனும் தன்னை மாத்திக்கல. கூட்டம்தான் மாறிப்போச்சு."

அனுசுயா, நாம் இரண்டு பேரும் விலங்கியலில் முதுகலை படித்தவர்கள். இதைப் படித்ததும் நீ நாற்காலியை விட்டு எழுந்திருப்பாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? ச்சீ என்று தாளைக் கீழே போட்டேன். அப்புறம் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, சிவப்பு மையில் பூஜ்யம் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். தாளில் பேன் ஊர்கிறதா என்ன? கழுவினேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் தாளை வகுப்புக்கு எடுத்துப் போய், பேரைச் சொல்லி, எழுப்பி நிற்கவைத்து, ராகம் போட்டு வாசித்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தலையை அழுக்காக வைத்திருந்தால் பேன் உண்டாகாமல் என்ன உண்டாகும் என்று நானும் சேர்ந்து சொன்னேன். அதே தாளின் மேல் பாதியில் செல் கொள்கை பற்றிய இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அவள் எழுதியிருந்தாள்: எல்லாச் செல்லும் இன்னொரு செல்லில் இருந்துதான் வரும், அதனால் பேன் அழுக்கில் இருந்து வராது, பேனில் இருந்துதான் பேன் வரும் என்று. அதற்கு நானே டிக் போட்டிருக்கிறேன். படிக்காமல் போட்ட டிக்.

அந்த வாரமே அவளுக்குப் பேரே மாறிவிட்டது. பேன் பவி. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, பெஞ்சை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நானும் பார்த்துக்கொண்டே பாடத்தை நடத்தினேன். திங்கட்கிழமை பிள்ளை மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றாள். பதினான்கு வயதுப் பெண். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. திருவேற்காட்டில் வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டாள். எங்களுக்குத் தெரியாதா? ஸ்டாஃப் ரூமில் அதற்கும் சிரித்தார்கள்.

அறிவியலில் அவள் வாங்கியது முப்பத்தொன்று. நான் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ராஜகுமாரியைக் கூப்பிட்டார்கள். பள்ளி வெளியே அனுப்பியதாக எங்கேயும் இருக்கக் கூடாது, பெற்றோரே சொந்தக் காரணத்துக்காக டி.சி. கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவருக்கு எழுத வராது. எழுதிக் கொடுத்தது நான்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க இருந்தங்காட்டி லெட்டராவது எய்திக் குடுத்தீங்க, ரொம்பத் தேங்ஸு மிஸ்" என்று என்னைக் கும்பிட்டார். நானும் திருப்பிக் கும்பிட்டேன்!

இதெல்லாம் எனக்கு எப்போது உறைத்தது என்று கேள். மே இரண்டாம் வாரம் என் மகள் ஆஷ்லி தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அப்புறம் எனக்கும் அரித்தது. அதே மருந்து ஷாம்பு. மூன்று தடவை போட்டோம். மூன்றாம் தடவை வெள்ளைத் துண்டை விரித்து, பேன் சீப்பால் வாரினால், நுரையோடு விழுந்தவை எழுந்து நடக்கின்றன. கொழுத்த பேன்கள், அனுசுயா. என் ரத்தத்தைக் குடித்தவை. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. சாகவில்லையே, சாகவில்லையே என்று நசுக்கிக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று, மருந்து முதலிலிருந்தே ஏறவில்லை என்று அவள் எழுதிய வரி ஞாபகம் வந்தது. ஈரத் தலையோடு பீரோவைத் திறந்து, பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த விடைத்தாள் கட்டிலிருந்து அவள் தாளை எடுத்துப் படித்தேன். நாற்பது பேரில் சரியாக எழுதியவள் அவள் ஒருத்திதான். என் நோட்ஸே தப்பு. ஒரு பேன் தன்னை மாற்றிக்கொண்டதாகப் பதினொரு வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். பூஜ்யத்துக்குப் பதில் ஐந்து போட்டிருந்தால் முப்பத்தாறு.

மறுநாளே கஜபதி சாரிடம் போய்ச் சொன்னேன். பேனுக்கெல்லாம் மார்க்கா மேடம் என்றார். விடை சரி, நான் கொடுத்த நோட்ஸ்தான் தப்பு என்றேன். அப்போது நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மீதி முப்பத்தொம்போது பேருக்கும் அஞ்சக் கொறைங்க. எத்தினி பேரு முப்பத்தஞ்சுக்குக் கீழ வரான்னு பாத்து, அவங்களுக்கும் டி.சி. குடுத்துரலாமா?" என்றார். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர். வெளியே வந்துவிட்டேன். இயற்கை யாரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுக் கழித்துக் கட்டுவதில்லை, அந்த வேலைக்கு நாங்கள்தான் இருக்கிறோம் என்று அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். இப்போது உனக்கு எழுதுகிறேன், வீராங்கனை!

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து பருத்திப்பட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பவித்ரா எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றாள். "எந்த ஸ்கூலும் வாணாங்குது மிஸ், பேசவும் மாட்டங்குது, நான் இன்னா பண்றது சொல்லுங்க" என்று ராஜகுமாரி அழுதார். பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டு விரித்து உட்காரச் சொன்னார்கள். நான் நுனியில் உட்கார்ந்தேன். முதுகு துண்டில் பட்டுவிடக் கூடாது என்று விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தலையிலேயே பேன் இருக்கும்போது! பவித்ரா அதைப் பார்த்தாள். துண்டை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு, திரும்ப வந்து நின்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். கேட்கப் போன மன்னிப்பைக் கேட்கவில்லை.

புறப்படும்போது வழக்கப்படி ஆசீர்வாதம் பண்ணக் கை எழும்பியது. கால் அங்குலம் முடி வளர்ந்திருந்த தலை. பாதியில் என் கை நின்றுவிட்டது. எனக்குச் சிரமம் வைக்க வேண்டாம் என்பதுபோல் அவளே ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். அதை எங்கே போய்க் கழுவுவது?

விடைத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிக் கட்டிலிருந்து எடுத்தது, திருட்டுத்தான். பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்து போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத ஐந்து. உன் பாடத்தில் அவள் எதையாவது கோணலாக எழுதினால் இரண்டு தரம் படி. கடைசி பெஞ்சில் தனியாகப் போய் உட்காருவாள். விடாதே, நடுவில் உட்கார வை. என்னைப் பற்றி எப்போதாவது வாய் திறந்து ஏதாவது சொன்னால், மிஸ் அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் சொல்வது எல்லாம் நிஜம்.

ஆண்டவர் அந்தப் பிள்ளையைக் காப்பாராக. வந்து நின்றதும், வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால், அவள் தலையில் உன் கையை நன்றாகப் பதித்து வை. சட்டென்று எடுத்துவிடாதே. தலையில் பேன் இருந்தாலும் வை.

உன்,
அருள்செல்வி