அவன் கழுவிய பாத்திரங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

நலமா என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் எப்படி இருப்பேன் என்று உங்களுக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பிரித்தால் எப்படியும் பாதியாவது படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மருந்துக்கடையில் என்னை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர் போய் ஏழு மாதமாகியும் அவர் அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை. லிஃப்ட் வேலைக்கு எடுத்துப்போகும் கருவிப் பை கதவுக்குப் பின்னால் மாட்டியபடியே இருக்கிறது. இரண்டு ஸ்வெட்டர், பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்று, ரேடியோ. இதில் உங்களுக்கு எது வேண்டுமோ எழுதுங்கள், பத்திரமாக அனுப்புகிறேன்.

அவரைக் கிடத்தியிருந்த அன்று எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்ன வார்த்தையைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. இப்போதும் பேசப் போவதில்லை.

ரத்த அழுத்த மாத்திரை ஜனவரியோடு தீர்ந்திருக்கும். மூன்று மாதத்துக்கு இதோடு வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. என் மேல் உள்ள கோபத்தை மாத்திரை மேல் காட்டாதீர்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 20

மருமகளுக்கு,

மாத்திரை வந்தது. சாமான் எதுவும் எனக்கு வேண்டாம். கருவிப் பையை அவனோடு வேலை பார்த்தவருக்கே கொடுத்துவிடு. ஸ்வெட்டர் யாருக்காவது குளிருக்கு ஆகும். அந்த போட்டோ என்னிடமும் ஒன்று இருக்கிறது.

நான் சொன்னதைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நானே பேசுகிறேன். “உன் எச்சில் தட்டைக் கழுவ வெச்சே என் பிள்ளையைச் சாகடிச்சுட்டியே” என்றேன். இருபது பேர் கேட்டார்கள். தப்பாகச் சொன்னதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக வந்தபோது மூன்று நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். மூன்று நாளும் ஒரே காட்சி. நீ நாற்காலியில் சாய்ந்து டீயும் பேப்பருமாக இருப்பாய். அவன் பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்பான். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை. கழுவத்தான் தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை, டம்ளருக்கு டம்ளர் சோப்பு வாடை. நான் எடுத்து மறுபடி அலசிக் கவிழ்த்தேன். அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

அவனை நான் ஒரு ஸ்பூன் கழுவ விட்டதில்லை. சாப்பிட்ட தட்டை அவன் வைத்த இடத்திலிருந்து நான்தான் எடுப்பேன். கல்லூரி முடிக்கும் வரைக்கும் அப்படித்தான். அப்படி வளர்த்த பிள்ளை, கையில் நுரையோடு தொட்டியடியில் விழுந்து செத்தான். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அவன் அம்மா


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நாலு நாள் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அன்று நாங்கள் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை. நான் கழுவியதை அவர் மறுபடி கழுவுவார். அவர் கழுவியதை நீங்கள் மறுபடி கழுவினீர்கள். “பார்த்தியா, எனக்கும் மேலே ஒரு அதிகாரி இருக்காங்க” என்று என் காதில் சொன்னார். அதற்குத்தான் சிரித்தோம்.

கல்யாணமான புதிதில் எங்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான். நான் எதையும் ஊற வைக்கிறவள். ‘ஊறட்டும்’ என்று தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். “இன்னும் ரெண்டு நாள் ஊறினா இதுல மீன் வளர்க்கலாம்” என்பார். அவரோ குழாயை முழுசாகத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவுகிறவர். முதலில் கண்ணாடி டம்ளர், பிறகு ஸ்பூன், பிறகு தட்டு, கடைசியில்தான் எண்ணெய்ப் பாத்திரம். வரிசை மாறினால் முகம் சுருங்கிவிடும். மாடித் தொட்டியில் தண்ணீர் காலியாகிறது என்று நான் கத்துவேன். பதினாலு மாடிக்கு மேலே கம்பியில் தொங்கி வேலை பார்க்கிற மனிதர், டம்ளரைப் பிடிக்கும்போது குருவிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரிப் பிடிப்பார். மூன்று மாதம் சண்டை போட்டு, “நீ சமை, நான் கழுவறேன். என் எல்லைக்குள்ள வராதே” என்று முடித்தார்.

இதில் உங்களுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு நாள் கேட்டேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்.

“அம்மா ஒன்பது வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் தேய்ச்சாங்க. ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கற வேலைன்னுதான் என்கிட்ட சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு இன்னிக்கும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக் கிடக்கும். ஒரு நாளாவது அந்தக் கையிலேர்ந்து வாங்கிச் செஞ்சிருக்கணும். விடலை. இங்கேயாவது செய்யறேனே.”

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்று மீறிவிட்டேன். அவருக்கு எல்லாம் தெரியும், அத்தை.

உங்கள் மருமகள்


மார்ச் 19

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் அடுப்புப் பக்கம் போகவில்லை.

உண்மைதான். ஒன்பது வருஷம். கடைக்குப் பின்னால் சாக்கடையை ஒட்டி இரண்டு சிமெண்டுத் தொட்டி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசுகிற தண்ணீர். மத்தியானத்துக்குள் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். நின்றபடி இருநூறு முந்நூறு தட்டு. வீட்டுக்கு வருமுன் எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்து, வேறு புடவை மாற்றிக்கொண்டு வருவேன். ஆபீசிலிருந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. என் பிள்ளை எச்சில் தட்டைத் தொடாமல் வாழ வேண்டும் என்று அந்தத் தொட்டியடியில் நின்று நினைத்துக்கொள்வேன். நினைப்பதற்கு வேறு ஒன்றும் இருந்ததில்லை.

நீ எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. அவனுக்குப் பத்து வயதிருக்கும். ஒரு நாள் நான் வருவதற்குள் வீட்டுப் பாத்திரம் அத்தனையும் கழுவித் தரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தான். கன்னத்தில் அறைந்தேன். அவனை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். எதற்கு அடித்தேன் என்று அவன் கேட்கவே இல்லை. அன்றைக்கு முன்னால் எப்போதோ கடைப் பின்பக்கம் வந்து என்னைப் பார்த்திருக்கிறான். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். விழுந்த அன்று காலையில் அவன் கையிலிருந்து பாத்திரம் தேய்க்கிற நாரை நான் பிடுங்கியது உனக்குத் தெரியும். “இது என் வீடும்மா. நீங்க போய் உக்காருங்க” என்று அதட்டினான். என்னிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பால்கனியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ கத்தியது எனக்குக் கேட்டது. என் பொருட்டு இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள், போடட்டும் என்று இருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. நீ இரண்டாம் தடவை கத்திய பிறகுதான் எழுந்து வந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் அம்மா


மார்ச் 25

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் ஒரு நிமிஷம் முன்னால் எழுந்து வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். அதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நானும் சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் பால்கனிக்குப் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார். “இடது தோள் என்னவோ இழுக்குதுடி. இன்னிக்கு ஒரு நாள் நீ கழுவறியா?” என்றார்.

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அம்மா வந்ததும் தோள் வலி வந்துடுச்சா? உங்க எல்லைக்குள்ள நான் வரமாட்டேம்ப்பா” என்றேன்.

சிரித்தார். குழாயைத் திறந்தார்.

நான் நாள் முழுக்க மருந்துக்கடையில் நிற்கிறவள். தோள் வலி என்று தைலம் கேட்டு வருகிறவர்களிடம், “இடது பக்கமா? வேர்க்குதா? முதல்ல டாக்டரைப் பாருங்க” என்று சொல்லி அனுப்புகிறவள். முன்பின் தெரியாத எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

அன்று நீங்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். நான் பேசாமல் நின்றதை என் பொறுமை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 17

அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தினமும் தபால்காரர் போன பிறகு ஒரு தடவை கீழே இறங்கிப் பார்க்கிறேன். இன்றோடு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

சாமான்களைக் கட்டியாயிற்று. முப்பதாம் தேதி கிளம்புகிறேன். உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் எழுதினேன். இனிமேல் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 24

அம்மாடி,

இது முப்பதாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தபாலாபீசிலேயே நின்று எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

தோள் வலியைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த பிறகு பதினோரு நாள் உன்னைத் திட்டினேன். இந்த நாலு சுவரும் கேட்காத வசவு இல்லை. பன்னிரண்டாம் நாள் திட்ட வாயைத் திறந்தேன், வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அவன் போன அன்று விடிந்ததும், நீ எழுந்திருக்கவில்லை, அவன் பால் காய்ச்ச வந்தான். மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, “நெஞ்சுல என்னவோ அடைச்ச மாதிரி இருக்கும்மா” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பொம்பளை செய்யற வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டு நின்னா அடைக்காம என்ன செய்யும்?” என்றேன். அவன் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வாய் வெந்நீர் கொடுத்து உட்கார வைத்திருக்கலாம். உன்னை எழுப்பியிருக்கலாம். எனக்கு அப்போது அந்தத் தொட்டி விஷயத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “முன்னாடி ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டார். நீ இல்லை என்று தலையாட்டினாய். நானும் ஆட்டினேன். இரண்டு பேரும் ஒரே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறோம், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல்.

அன்று கூட்டத்தில் நான் கத்தினேனே, அது உன் மேல் இருந்த கோபம் மட்டும் இல்லை. யாராவது என் பக்கம் திரும்புவதற்குள் உன்னைக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. அந்த இருபது பேரிடமும் போய் மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

இப்போதைக்கு உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. என் முகத்தைப் பார்க்க உனக்கும் ஆகாது. அதனால் வா என்று கூப்பிடவில்லை.

ஆனால் போய்ச் சேர்ந்ததும் புது வீட்டு விலாசத்தை எழுது. அவனைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் இல்லை.

அத்தை