உன் ஜெல்லில் என் மருந்து

இன்று காலை கறிக்கடையில் ஆட்டுக் கண்களை வாங்கி ஐஸ் டப்பாவில் அடுக்கும்போது கடைக்காரர் கேட்டார்: "கூட வருமே அந்த அக்கா, இன்னா ஆளையே காணோம்?" நீ இறந்துபோனதைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நானும்தான் இத்தனை வருடமாக வருகிறேன். நான் வராமல் போனால் இப்படிக் கேட்பாரா என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ்ஸில் இந்த டப்பாவோடுதான் நாம் இருவரும் ஆய்வகத்துக்குப் போவோம். "இன்னாம்மா டப்பால, மீனா?" என்றார் ஒருநாள் கண்டக்டர். "கண்ணு, அண்ணாத்த. உன்னத்தான் பாத்துகினு கீது" என்றாய். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் எரிந்தது. அந்தப் பதில் எனக்கு ஏன் வரவில்லை?

கண்புரையைத் தள்ளிப்போட ஒரு சொட்டு மருந்து. அதுதான் நம் வேலை. ஆட்டுக் கண்ணின் லென்ஸைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்தால் வெளுத்துவிடும். என் மருந்தான ஆன்டிஆக்ஸிடன்ட் கலந்த கிண்ணத்தில் அது தெளிவாகவே இருந்தது. அடியில் வைத்த கட்டத்தாளின் கோடுகள் தெரிந்தன. நீ குனிந்து பார்த்தாய். "நல்லாத்தான்டி கீது, கிண்ணத்துல. கண்ணுல நிக்குமா?"

நிற்கவில்லை. முழுக் கண்ணின்மேல் விட்டுச் செயற்கைக் கண்ணீரை ஓடவிட்டதும் வழிந்து போய்விட்டது. நீ செய்த திரவமோ, பாட்டிலில் தண்ணீராக இருந்து, உடல் சூட்டில் வைத்த கண்ணின்மேல் ஜெல்லாக மாறி ஒட்டிக்கொண்டது.

"என் ஜெல்லுல உன் மருந்தப் போட்டா சரியா வரும்டி. ஆனா கட்டுரையில என் பேருதான் முன்னாடி."

"மருந்து யாருது?"

"நிக்க வெக்கிறது யாரு?"

திருக்கழுக்குன்றம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. அது தீருமுன் நீ படுக்கையில் விழுந்தாய், பிறகு எழவில்லை.

நீ விட்டுப்போன செய்முறைப்படி உன் ஜெல்லைத் தயாரித்து, இன்று என் மருந்தை அதில் கலந்தேன். கண்ணீர் ஓடியது, மருந்து நின்றது. கருவிழிப் படலத்தைத் தாண்டி உள்ளேயும் போயிருந்தது. மனிதக் கண்ணுக்கு இன்னும் வெகுதூரம். ஆனாலும் இவ்வளவு நல்ல முடிவு எனக்கு வந்ததே இல்லை.

கட்டுரைக்குப் பெயர்கள் எழுத உட்கார்ந்தேன். என் பெயரை முதலில் எழுதினேன். எதிர்த்துப் பேச நீ இல்லை. இரண்டாவதாக உன் பெயர். அதன் தலையில் ஒரு சிறு சிலுவைக் குறி போட்டு, அடியில் 'மறைந்தவர்' என்று குறிப்பு எழுத வேண்டும், அதுதான் வழக்கம். போட்டேன். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். படிக்கிற யாருடைய பார்வையும் முதலில் அந்தக் குறியில்தான் போய் நிற்கும்.

இதிலும் நீதான்டி முன்னாடி. எனக்கு எரிகிறது, பழையபடியே.