அக்காளுக்கு ஊற்றிய சொட்டுகள்

8 நவ. 1937, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மயக்க மருந்து ஊற்றும் மாஸ்க் துணி நாலு துவைத்துப் போட்டது, ஒன்றும் காயவில்லை. அடுப்புப் பக்கம் விரித்திருக்கிறேன்.

புது டாக்டரம்மா இன்று ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். ஆபரேஷனுக்கு முக்கால் மணி முன்னாலேயே நோயாளிக்கு வலி அமுக்கும் மார்பியா ஊசி. பிறகு குளோரபாரம் வழக்கமான அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதுமாம். "கண்மணியோட அளவைப் பார்த்து ஏமாந்துடாதீங்க கிரேஸ். மார்பியா போட்டா அது சின்னதாவேதான் இருக்கும். மூச்சை எண்ணுங்க."

ஒன்பது வருஷமாக இந்த ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் குளோரபாரம் சொட்டு ஊற்றுகிறவள் நான். கண்மணி சுருங்கியிருந்தால் ஊற்று, விரிந்தால் நிறுத்து. என் கையில் ஒரு உயிர் போனதில்லை. இப்போது கண்ணை நம்பாதே என்றால்? அவர் என் கையைத்தான் நம்பவில்லை. ஊசி மருந்து மட்டும் அவர் பைக்குள், பூட்டி, சாவி இடுப்பில். எதற்கு?

வாங்கவேண்டியது: சோப்பு, வரப்போகிற அக்காளுக்கு ஆரஞ்சு.

10 நவ., புதன்

மழை விட்டுப் புழுக்கம். ஊசி போட்ட முதல் ஆள், காலில் சீழ் வைத்த வண்டிக்காரர். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்கவேண்டிய உடம்பு. முரண்டே பண்ணாமல் மயங்கினார். நன்றாகத்தான் போயிற்று. அதனாலேயே எனக்குச் சந்தேகம். சாயங்காலம் வரை ஒரே உறக்கம், உளறல்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துவிட்டாள். வயிற்றில் கட்டி. வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்ததும் ஒரே கேள்வி.

"ஏட்டி, பாதியில முழிச்சிருவேனா? அத மட்டும் சொல்லு."

"நான் இருக்கேன்லா, அக்கா."

"அப்ப நீதான் ஊத்தணும். வேற ஆளுகிட்ட தலையக் குடுக்க மாட்டேன்."

சரி என்றேன். மருந்தைக் குறைத்து, அவள் மேசையில் கண் விழித்தால்? இந்த டாக்டரம்மாவுக்கு என்ன, அவருடைய அக்காளா?

12 நவ., வெள்ளி

 நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஊசி போட்டாயிற்று. கத்தி வைத்த கொஞ்ச நேரத்தில் அக்காள் விரல் அசைந்தது. "பரவாயில்லை, ஊத்தினது போதும்" என்றார் டாக்டர். அவர் பார்வை கட்டியின் மேல். நான் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி கடுகளவு. இன்னும் தாங்கும் என்று பழைய அளவுக்கு ஊற்றினேன். சொல்லாமல். மூச்சை எண்ணவில்லை.

உதடு நீலம். மூச்சு நின்றுவிட்டது. டா. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். நான் நாக்கை இழுத்துப் பிடிக்க, அவர் விலாவை அமுக்கி அமுக்கி விட்டார். எவ்வளவு நேரமோ. கர்த்தரே, கர்த்தரே. பிறகு ஒரு மூச்சு. இன்னொன்று.

பிழைத்துவிட்டாள்.

கை கழுவும்போது டா. கேட்டார்: "நான் சொன்னதுக்கு மேல ஊத்தினீங்களா?"

"இல்லம்மா. நீங்க சொன்ன அம்புட்டுதான்."

வாய் முந்திக்கொண்டது. பாவி நான்.

13 நவ., சனி

அக்கா கஞ்சி இரண்டு கரண்டி. காய்ச்சல் இல்லை. "நீ இருந்ததுனாலதான் பொழைச்சேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உருவிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் திங்கட்கிழமைக்கான ஆபரேஷன் சீட்டு வந்தது. மகாராஜபுரத்து அம்மாள், மார்பில் கட்டி, இருதயம் ரொம்பப் பலவீனம். மார்பியா என்று எழுதியதை டா. அடித்திருந்தார். "ஊசிதான் உங்க அக்காவோட மூச்சை நிறுத்தியிருக்கு. என் தப்பு. இனி வேண்டாம், பழையபடி முழு அளவு ஊத்துங்க."

அந்த இருதயத்துக்கு முழு குளோரபாரமா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். 

14 நவ., ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. நேரே டா. அறை.

"ஊசி மேல குத்தமில்லம்மா. நான்தான் கூட ஊத்துனேன். கண்மணியப் பாத்து."

திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. மகாராஜபுரத்து அம்மாள் சீட்டை எடுத்து மார்பியாவை மறுபடி எழுதினார். பேனாவை மூடாமலே கேட்டார்:

"இதுக்கு முன்னால யாருக்கெல்லாம் இப்படி ஊத்தியிருக்கீங்க?"

ஒருத்தருக்கும் இல்லை என்றேன். சத்தியமாக இல்லை. அவர் நம்பவில்லை.